வைஃபை டிரைவரில் 'மெமரி லீக்': திருத்தம் சில வரிதான், சிக்கல் எங்கே?

ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் நெட் சரியாகிவிடுகிறதா? சில நேரம் அதற்குக் காரணம் மெமரி லீக்.

2019 நவம்பரில் லினக்ஸ் கெர்னலில் இன்டெல், மார்வெல், ரியல்டெக் உள்ளிட்ட வைஃபை சிப்களுக்கான டிரைவர்களில் இந்த ஓட்டைகள் வரிசையாக வெளிவந்தன. கதை ஒன்றுதான்: டிரைவர் மெமரியை வாங்குகிறது, நடுவில் ஒரு வேலை ஃபெயில் ஆகிறது, வாங்கியதைத் திருப்பித் தராமலே வெளியேறிவிடுகிறது. சாதாரண ஆப் என்றால் மூடியதும் மெமரி திரும்பிவிடும். கெர்னலில் ரீபூட் செய்யும்வரை போனது போனதுதான்!

திருத்தம் பெரும்பாலும் சில வரிகளே: தோல்வியடையும் பாதையிலும் மெமரியை விடுவிக்க வேண்டும். ஆனால் அந்தப் பாதை அரிதாகவே ஓடும் என்பதால் டெஸ்டிங்கில் எளிதில் சிக்காது.

லினக்ஸில் சரியானால் மட்டும் போதாது. ரவுட்டர் கம்பெனி ஃபர்ம்வேர் அப்டேட் தர வேண்டும். பழைய மாடல் என்றால் அது வராமலே போகலாம்.