பெரட்டுக்களத்தில் ஒரு குரல்
வாட்ஸ்அப் குழுவை நம்பிப் பணம் போட்டு ஏமாந்தவர்களின் செய்தி வரும்போதெல்லாம் ‘பேராசை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அது நியாயமில்லை. மற்றவர் செய்வதைப் பார்த்துத்தான் மனிதர் துணிகிறார்கள். 1960இல் சுங்கை சிப்புட் மண்ணின் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குத் தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய துணிவிலும் லயத்து அடுத்த வீட்டுக்காரருக்குப் பங்குண்டு என்பேன். அப்படியானால் இரண்டும் ஒரே மந்தைப் புத்திதானே என்று கேட்கலாம். இல்லை. 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் நடத்திய சோதனையில், கோட்டின் நீளம் கண்ணெதிரே தெரிந்தும், சுற்றியிருந்தோர் ஒருமுகமாகத் தவறாகச் சொன்னபோது ஏறத்தாழ மூன்றில் ஒரு பதில் அவர்கள் பக்கம் சாய்ந்தது. ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அந்தச் சாய்வு வெகுவாகக் குறைந்தது. லயத்தில் அந்த ஒருவர் இருந்தார்: விடியற்காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்களத்தில் ரப்பர் பால் வாளியோடு பக்கத்தில் நின்று, “கொஞ்சம் பொறு, கிராணியாரைக் கேட்போம்” என்று சொல்லக்கூடியவர். தோட்டம் துண்டாடப்பட்டு ஈப்போ அடுக்குமாடிக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்குக் கைப்பேசியில் நூறு பேர் இருக்கிறார்கள். ‘லாபம் வந்துவிட்டது’ என்று எழுதும் அவர்களில் எத்தனை பேர் நிஜ ஆள்கள் என்றே தெரியாது, சந்தேகப்பட்டுக் கேட்பவரையோ குழுவிலிருந்தே நீக்கிவிடுகிறார்கள்.