வெள்ளம் வடிந்ததும் சாவியைத் தொடாதீர்கள்



மழைக்காலம் பிறந்துவிட்டால் தாழ்வான இடங்களில் குடியிருக்கும் நமக்கு இரண்டு கவலைகள். ஒன்று, வீட்டுக்குள் தண்ணீர் ஏறுமா என்பது. மற்றொன்று, வாசலில் நிற்கும் கார். அரிசியையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் அலமாரி மேல் தூக்கி வைத்துவிடலாம். பெரியவர்களைக் கைத்தாங்கலாகத் துயர்துடைப்பு மையத்திற்கு அழைத்துப் போய்விடலாம். காரை யார் தூக்கி வைப்பது?

2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரை மேல் ஏறி நின்றதை யாரும் மறந்திருக்க முடியாது. அதற்கு முன்னே 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி இரண்டு தடவை மூழ்கியது. 2014இல் கிளந்தான். 2023 மார்ச்சில் ஜொகூரில் சிகாமட், பத்து பகாட் பக்கம். தண்ணீர் வடிந்தபின் சேறு பூசிய கார்கள் வரிசை வரிசையாக நிற்கும் காட்சி நமக்குப் பழகிவிட்டது.

அந்தக் கார்களில் எத்தனையோ வெள்ளத்தால் சாகவில்லை, மறுநாள் செத்தன. வீட்டுச் சேற்றை அள்ளிக் கொட்டிவிட்டு, "ஒரு தடவை போட்டுத்தான் பார்ப்போமே" என்று சாவியைத் திருகிய அந்த நிமிடத்தில் செத்தன. அதைத்தான் இந்த முறை பேசப் போகிறோம்.

இஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் நுழைகின்றன. பிஸ்டன் மேலே ஏறி அதை அழுத்துகிறது. காற்றை அழுத்தினால் சுருங்கும்; தண்ணீர் சுருங்காது. 1300 சிசி இஞ்சினில் நான்கு சிலிண்டர் என்றால் ஒன்றுக்குச் சுமார் 325 சிசி. பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அழுத்தினால், பிஸ்டன் உச்சிக்குப் போகும்போது மிஞ்சும் இடம் 36 சிசிதான். சமையலறைக் கணக்கில் சொன்னால் இரண்டரை மேசைக்கரண்டி. அந்த அளவுக்கு மேல் தண்ணீர் உள்ளே இருந்தால் பிஸ்டனுக்குப் போக வழியில்லை.

ஸ்டார்ட்டர் முட்டிக்கொண்டு நின்றுவிட்டால் அதிர்ஷ்டம். ஒரு சிலிண்டரில் தண்ணீரும் மற்ற மூன்றில் வறட்சியுமாக இருந்தால்தான் ஆபத்து. அந்த மூன்றும் பற்றிக்கொண்டு, நான்காவதைப் பலங்கொண்ட மட்டும் தள்ளும். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் என்ற இரும்புத் தண்டு வளைந்துவிடும். சில நேரம் இஞ்சின் உடலையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். பிறகு அந்த இஞ்சினை எடுத்துப் போட்டுவிட்டு வேறு இஞ்சின்தான் தேட வேண்டும்.

இங்கே பழைய ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை. கார்புரேட்டர் காலத்தில், டட்சன் 120ஒய், முதல் புரோட்டோன் சாகா, பழைய கஞ்சில் இவற்றிலெல்லாம் பெட்ரோல் அதிகமாகி இஞ்சின் பற்றாமல் போகும். "ஃப்ளட் ஆயிடுச்சு" என்பார்கள். அதற்கு வைத்தியம் எல்லாருக்கும் தெரியும்: கொஞ்ச நேரம் ஆறவிட்டு, எண்ணெய்க் கட்டையைத் தரையோடு மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் காற்று நிறைய நுழைந்து பிளக் உலர்ந்துவிடும். இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களிலும் பெரும்பாலானவற்றில், அப்படி முழுக்க மிதித்துச் சுழற்றினால் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். நல்ல வைத்தியம்தான். ஆனால் அது பெட்ரோலில் மூழ்கிய இஞ்சினுக்கு. மழை வெள்ளத்தில் மூழ்கியதற்கு அதையே செய்தால் அதுதான் கொலை. அந்தக் காலத்து மோரிஸ் மைனரில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றித் துணியால் துடைத்து மாட்டி ஓட்டிக்கொண்டு போனோம் என்று தாத்தா சொல்லுவார். தாத்தா சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தக் காரில் கணினி இல்லை.

சரி, தண்ணீர் வடிந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் கைக்கு உறையும் காலுக்கு நீண்ட ரப்பர் காலணியும் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளச் சேற்றில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும். எலிக் காய்ச்சல் சிறு காயத்தின் வழியாகவே நுழைந்துவிடும். கார் போனால் வேறு கார் வாங்கலாம்.

அடுத்து, எதையும் தொடுமுன் படம் எடுங்கள். வெளியே, உள்ளே, நம்பர் தகடு தெரிய, கதவில் படிந்த சேற்றுக்கோடு தெரிய எடுங்கள். பிறகு காப்புறுதிப் பத்திரத்தைத் தேடி எடுத்துப் பாருங்கள். முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறோம், எல்லாம் கிடைக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் வழக்கமான முழுக் காப்புறுதியில் வெள்ளம் சேராது. "ஸ்பெஷல் பெரில்ஸ்" என்ற பகுதிக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் உண்டு. அது இருந்தால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடி வைத்துவிட்டு, காப்புறுதிக்காரருக்குப் போன் போடுங்கள். இழுவை லாரி வரும்வரை ஒரு ஸ்க்ரூவையும் கழற்றாதீர்கள். இல்லாதவர்கள் தொடர்ந்து வாசியுங்கள். தோட்டத்திலும் தாமானிலும் நம்மில் எத்தனையோ பேர் அந்தப் பக்கம்தான்.

இனி, அந்தச் சேற்றுக்கோடு எவ்வளவு உயரம் என்று பாருங்கள். டயர் பாதியோடு நின்று, உள்ளே தரைவிரிப்பு உலர்ந்திருந்தால் பயம் குறைவு. பிரேக்கையும் சக்கரத்தையும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, பார்த்துக்கொள்ளலாம். தரைவிரிப்பு நனைந்திருந்தால் கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் வேண்டும். இருக்கை மூழ்கியிருந்தால் வீட்டில் கை வைப்பதில் பயனில்லை. இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். டாஷ்போர்டு வரை ஏறியிருந்தால், பழுது பார்க்கும் செலவைக் காரின் விலையோடு வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் விட்டுவிடுவதுதான் லாபம். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

வேலை என்று இறங்கினால் முதலில் பேட்டரி. கறுப்பு வயரை, அதாவது கழித்தல் குறி போட்ட பக்கத்தை முதலில் கழற்றுங்கள். பத்தாம் நம்பர் ஸ்பானர் போதும். ஹைப்ரிட் கார், மின்சாரக் கார் என்றால் இதுகூட வேண்டாம். அவற்றில் ஆரஞ்சு நிற உறை போட்ட தடித்த வயர்கள் இருக்கும். அதன் பக்கம் போகாமல், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்புகள் தெரிந்தால் அவை காற்றுப்பைக்குப் போகிறவை, அவற்றையும் இழுக்காதீர்கள்.

பிறகு காற்று வடிகட்டிப் பெட்டியைத் திறங்கள். காகித வடிகட்டி உலர்ந்து, பெட்டிக்குள் சேறில்லாமல் இருந்தால் நல்ல அறிகுறி. ஈரமாக இருந்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்திருந்தாலும் முழுசாக நம்பிவிட வேண்டாம். புகைக்குழாய் வழியாகவும் தண்ணீர் ஏறக்கூடும்.

அடுத்து எண்ணெய் அளவுக் கம்பி. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். தண்ணீர் கலந்தால் எண்ணெய் பால் ஊற்றிய தேநீர் போல மாறும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மை. ஆனால் அது இஞ்சின் ஓடிக் கடைந்த பிறகு வரும் நிறம். ஓடாமல் நின்ற இஞ்சினில் தண்ணீர் கனமானது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். எண்ணெய் மேலே மிதக்கும். கம்பியை உருவிப் பார்த்தால் எண்ணெய் சுத்தமாகவே தெரியும். ஆகவே நிறத்தைவிட அளவைப் பாருங்கள். வழக்கத்தைவிடக் கோடு உயர்ந்திருந்தால் அடியில் தண்ணீர் இருக்கிறது. அடித்திருகைக் கழற்றினால் முதலில் தண்ணீர்தான் கொட்டும், பிறகுதான் எண்ணெய் வரும். இஞ்சினைச் சுழற்றுவதற்கு முன்பே இந்த எண்ணெயை முழுக்க இறக்கிவிட வேண்டும். வடிகட்டியையும் மாற்றிவிட்டு, விலை குறைந்த புது எண்ணெயை ஊற்றி வையுங்கள்.

இப்போது பிளக்குகள். மேலே உள்ள காயில்களைக் கழற்றியதும், பிளக் குழிக்குள் தேங்கிய தண்ணீரைத் துணியாலோ காற்றாலோ எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிளக்கைக் கழற்றும்போது அதுவே உள்ளே வழிந்துவிடும். நான்கையும் கழற்றிய பிறகு இஞ்சினைக் கையால் சுழற்ற வேண்டும். பெல்ட் ஓடும் பெரிய கப்பியின் நடுவில் உள்ள போல்ட்டில் ஸ்பானரை மாட்டி, இஞ்சின் ஓடும் திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். கையால் கியர் போடும் கார் என்றால் இன்னும் சுலபம். பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்சக்கரம் ஒன்றைத் தூக்கித் தாங்கி கொடுத்து, உயர் கியரில் போட்டு அந்தச் சக்கரத்தைத் திருப்பினால் இஞ்சின் சேர்ந்து சுழலும். பிளக் துளைகளுக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். தண்ணீர் அங்கேதான் பீய்ச்சும். எங்காவது இறுகிக்கொண்டால் பலத்தைக் காட்ட வேண்டாம். அது பட்டறைக்குச் சொல்லும் சேதி.

தண்ணீர் வருவது நின்றதும் ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி இஞ்சின் எண்ணெய் விட்டு இன்னும் நாலு சுற்றுச் சுற்றிவிடுங்கள். உள்ளே துரு பிடிக்காது. சாவியைத் தொட வேண்டாம் என்றேனே தவிர, காரை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. ஈரமான சிலிண்டரில் சில நாட்களிலேயே துரு பிடிக்க ஆரம்பித்துவிடும். முதல் இரண்டு மூன்று நாளில் இந்த அளவாவது செய்துவிட்டால், பட்டறையில் இடம் கிடைக்கும்வரை கார் காத்திருக்கும். பெரிய வெள்ளத்துக்குப் பிறகு பட்டறைகளில் எவ்வளவு நெரிசல் என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, எப்போதுதான் ஸ்டார்ட் செய்வது? தண்ணீர் காருக்குள் வந்திருந்தால், கணினிப் பெட்டியையும் ஃபியூஸ் பெட்டியையும் வயர் தெரிந்தவர் ஒருவர் திறந்து பார்த்து உலர்த்திய பிறகு. பல கார்களில் அந்தக் கணினி பயணியின் கால்மாட்டிலோ டாஷ்போர்டுக்கு அடியிலோதான் இருக்கிறது. ஈரத்தோடு பேட்டரியை மாட்டினால் அது கருகிவிடும். பெட்ரோல் தொட்டியையும் மறக்க வேண்டாம். அங்கேயும் தண்ணீர் அடியில்தான் இருக்கும், பம்பு உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். எல்லாம் சரியென்றால் ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் மிதிக்காமல் ஓடவிட்டு, அந்த மலிவு எண்ணெயை இறக்கிப் பாருங்கள். பால் நிறம் இருந்தால் மறுபடியும் மாற்றுங்கள். எண்ணெய்க் காசு இஞ்சின் காசைவிடக் குறைவு.

ஆட்டோ கியர் கார் வைத்திருப்பவர்கள் இஞ்சின் ஓடிவிட்டது என்று உடனே கிளம்பிவிடாதீர்கள். கியர்ப் பெட்டிக்கு மூச்சுவிட ஒரு துளை உண்டு. அதன் வழியாகத் தண்ணீர் நுழையும். சிவப்பு நிறக் கியர் எண்ணெயில் தண்ணீர் கலந்தால் அசல் சிராப் பண்டோங் மாதிரி இருக்கும். அதோடு ஓட்டினால் உள்ளே உராயும் தட்டுகளின் பூச்சு உரிந்துவிடும். புதிய கார்கள் பலவற்றில் பார்ப்பதற்கு அளவுக் கம்பியே கிடையாது. ஆகவே தண்ணீர் சக்கரத்தின் நடுவைத் தாண்டியிருந்தால் பட்டறையில் இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது. கைப்பிரேக்கையும் இழுத்து வைக்காதீர்கள், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

உள்ளே தரைவிரிப்புக்கு அடியில் பஞ்சு இருக்கிறது. மேலே வெயிலில் காய்ந்துவிட்டதாகத் தெரியும்; அடியில் வாரக்கணக்கில் ஊறிக் கிடக்கும். நாற்றமும் துருவும் அங்கிருந்துதான் கிளம்பும். முழுக்க உரித்து எடுத்துக் கொடியில் போடுங்கள்.

இன்னொன்று. ஒவ்வொரு பெரிய வெள்ளத்துக்கும் சில மாதம் கழித்து, பழைய கார் விற்கும் இடங்களில் பளபளவென்று கழுவி மினுக்கிய கார்கள் மலிவாக வரும். மகனுக்கு முதல் கார் வாங்கப் போகிறவர்கள், இஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு முன் இருக்கைப் பட்டையைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். அந்த நுனிவரை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக்கறை இருந்தால் பட்டையை விட்டுவிட்டு அடுத்த காரைப் பார்க்கப் போங்கள்.