இல்லக் கணக்கு: கேட்காமலே கழியும் காசு



மாதம் 299 ரூபாய் குறைந்ததற்காக இரு வீட்டார் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காமற்போன ஒரு செய்தியை இம்மாதம் தங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. தங்கள் இல்லத்திலும் இது நடந்துகொண்டிருக்கலாம் என்பதால்தான் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் வசிக்கும் அந்தச் சகோதரியின் கணவர் தம்மாமில் பணிபுரிகிறார். அவர் அனுப்பும் பணம் இவருடைய வங்கிக் கணக்கிற்கு வந்து சேரும். வீட்டுச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, மூத்த மகளின் நிக்காஹுக்கென்று ஒதுக்கி வைப்பது எல்லாம் அதிலிருந்துதான். ஏ.டி.எம்.மிற்குச் சென்று பணம் எடுத்து வருபவன் கணவருடைய சகோதரியின் மகன். பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளை. அட்டையும் அதன் இரகசிய எண்ணும் அவனிடம் இருந்தன. (அது முறையன்று. அட்டையை எவ்வளவு நெருங்கிய உறவினரிடமும் எண்ணோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. ஆனால் இங்கே பிழை அதுவன்று.)

ஒருநாள் அவர் பாஸ்புத்தகத்தைப் பதிவு செய்து வாங்கி வந்து கணக்குப் பார்த்தபோது, தாம் எடுக்கச் சொன்ன தொகைகள் போகச் சில்லறையாகவும் பணம் குறைந்திருக்கக் கண்டார். தம்மாமுக்குத் தகவல் போயிற்று. அங்கிருந்து, "அவனைக் கேள்" என்று பதில் வந்தது. கேட்டார். "மாமி, அல்லாஹ்வின் மீது ஆணையாக நான் எடுக்கவில்லை" என்று சொல்லி அட்டையை மேசைமீது வைத்துவிட்டுப் போனவன் திரும்ப வரவில்லை. அவனுடைய தாயாரும் வரவில்லை. இரண்டு மாதங்கள் இப்படியே கழிந்த பிறகுதான் அந்தப் பாஸ்புத்தகம் என் கைக்கு வந்தது.

புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி. ஒவ்வொரு முறையும் 299 ரூபாய். சகோதரிகளே, ஏ.டி.எம். இயந்திரம் 299 ரூபாயை எண்ணித் தருமா? எந்தத் திருடன் மாதந்தவறாமல் 14ஆம் தேதிக்காகக் காத்திருப்பான்? ஒரு நிமிட நிதானம் இருந்திருந்தால் இந்தக் கேள்வி அவருக்கே தோன்றியிருக்கும். மிகுதியான சந்தேகத்தைத் தவிர்க்குமாறு திருமறையின் 49ஆவது அத்தியாயம் நம்மை எச்சரிப்பதை அறியாதவர் அல்லர் அவர், ஓதுபவர்தாம்.

பிறகு அவருடைய கைப்பேசியை எடுத்துத் தேடினோம். விடை கிடைத்தது. சென்ற ஆண்டு, ஒன்பது வயது மகன் படம் வரையக் கற்றுத் தரும் ஒரு செயலியை இறக்கியிருக்கிறான். முதல் ஏழு நாட்கள் இலவசம் என்று அது அறிவித்தது. "இலவசம்தான் உம்மா, நம்பரை மட்டும் போடுங்கள்" என்று அவன் நீட்ட, அடுப்படியில் நின்றபடியே யு.பி.ஐ. இரகசிய எண்ணை அழுத்தியிருக்கிறார் தாயார். அந்த ஒரு தடவை அழுத்தியதுதான், மாதந்தோறும் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் கொடுத்த அனுமதி. இரண்டே வாரங்களில் பையனுக்கு அந்தச் செயலி சலித்துவிட்டது, நீக்கிவிட்டார்கள். பணம் மட்டும் 11 மாதங்கள் போய்க்கொண்டிருந்தது. மொத்தம் 3,289 ரூபாய்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்குவது வேறு, சந்தாவை முறிப்பது வேறு. பத்திரிகையைப் படித்துவிட்டுப் பழைய தாள்காரரிடம் போட்டுவிட்டால் சந்தா நின்றுவிடுவதில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

தேடும் முறையைச் சொல்கிறேன்; கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியானால் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள வட்டமான படத்தைத் தொடுங்கள். 'பேமெண்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' என்பதற்குள் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' இருக்கும். அதில் உள்ளவை நடப்புச் சந்தாக்கள். ஒவ்வொன்றையும் தொட்டால் அடுத்த பணம் என்றைக்குக் கழியும் என்பதும், கீழே ரத்து செய்யும் பொத்தானும் தெரியும். ஐபோனில் 'செட்டிங்ஸ்' பகுதியைத் திறந்து, உச்சியில் உள்ள பெயரைத் தொட்டால் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' அங்கேயே கிடைக்கும். ஐபோனில் இலவச நாட்களுக்கென்று சேர்ந்தவர்கள், அது முடிய 24 மணி நேரமாவது இருக்கும்போதே ரத்து செய்துவிட வேண்டும். கடைசி நாளுக்குத் தள்ளிப் போடக் கூடாது.

அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று நிம்மதியடைந்து விடாதீர்கள். சந்தா கைப்பேசியோடு ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. எந்த மின்னஞ்சல் கணக்கின் பெயரால் சேர்ந்தோமோ அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் இல்லங்களிலோ வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர் தம் பழைய கைப்பேசியை மனைவிக்குக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். அதில் அவருடைய கணக்கு, மனைவியின் கணக்கு, மகன் புதிதாகத் தொடங்கிய கணக்கு என்று மூன்று இருக்கும். பிளே ஸ்டோரில் அதே வட்டப் படத்தைத் தொட்டு, ஒவ்வொரு கணக்காக மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். எங்கள் தெருச் சகோதரியின் கைப்பேசியில் அப்படி மாற்றிப் பார்த்தபோது இன்னொரு வேடிக்கையும் வெளிப்பட்டது. கணவர் எப்போதோ சேர்ந்து மறந்துவிட்ட ஒரு காணொளிச் சேவைக்கு, அவருடைய சவூதி அட்டையிலிருந்தே மாதந்தவறாமல் பணம் போய்க்கொண்டிருந்தது. "அவனைக் கேள்" என்றவர், இதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை.

சில நிறுவனங்கள் தம் இணையதளத்திலேயே நேராகச் சந்தா வாங்கிவிடும். அவை பிளே ஸ்டோர் பட்டியலில் வாரா. அவற்றைப் பணம் போகும் வாயிலில் நின்றுதான் பிடிக்க வேண்டும். கூகுள் பே, போன்பே முதலிய செயலிகளில் நம் படத்தைத் தொட்டால் வரும் பக்கத்தில் 'ஆட்டோபே' என்ற பகுதி உண்டு. நாம் கொடுத்துவைத்த அனுமதிகள் அங்கே வரிசையாக இருக்கும். அங்கேயே நிறுத்தலாம். எனினும் பணத்தை மட்டும் நிறுத்துவதோடு விடாமல், அந்த நிறுவனத்திடம் சந்தாவையும் முறித்துவிடுவதே முறை. உடன்படிக்கை என்று ஒன்று இருந்தால் அதை முறையாக முடிப்பதுதான் நமக்கு அழகு. அட்டையின் வழியே போவதை வங்கியின் செயலியிலோ இணையதளத்திலோ ரத்து செய்யலாம். வளைகுடாவில் கைப்பேசிக் கட்டணத்தோடு சேர்த்துக் கழிக்கும் வழியும் இருப்பதால், அங்கிருப்பவர்கள் அந்த ரசீதையும் ஒரு பார்வை பார்க்கட்டும்.

சட்டம் நமக்குத் துணையில்லை என்று சொல்வதற்கில்லை. இப்படித் தானாகக் கழியும் தொகைக்கு 24 மணி நேரம் முன்பாகவே அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இந்த வசதிக்காக வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் விதி. ஆனால் பெரும்பாலான சந்தாக்களில், 15,000 ரூபாய் வரையில் ஒவ்வொரு முறையும் இரகசிய எண் கேட்கப்படுவதில்லை. முதல் முறை அழுத்தியதே போதும். அந்தச் சகோதரிக்கும் மாதந்தோறும் முன்னறிவிப்பு வந்துதான் இருந்தது. ஆங்கிலத்தில் வந்தது, நகைக்கடை விளம்பரத்திற்கும் கடன் தருகிறோம் என்ற செய்திக்கும் நடுவே படிக்கப்படாமலே கிடந்தது. மகள் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். வாரம் ஒருமுறை அவளை உட்காரவைத்து வங்கிச் செய்திகளை மட்டுமாவது வாசிக்கச் சொல்லியிருக்கலாம்.

எளிதாகச் சேரவிட்டு, விலகும் வழியை மட்டும் மறைத்து வைக்கும் தந்திரத்திற்குச் 'சந்தாப் பொறி' என்றே பெயரிட்டு, தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று முறைகளுள் ஒன்றாக 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்தது. அப்படி ஏதேனும் நிறுவனம் அலைக்கழித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். போன பணம் திரும்புமா என்றால், பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியதைப் பெரும்பாலும் 48 மணி நேரத்திற்குள் கேட்டால் வாய்ப்புண்டு. அதன் பின் செயலி நடத்துபவரிடம்தான் கேட்க வேண்டும். 11 மாதப் பணத்தை அந்தச் சகோதரி கேட்டுப் பார்த்தார். கடைசி மாதத்து 299 மட்டும் திரும்பிற்று.

சந்தா என்றாலே வீண்விரயம் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளையின் படிப்புக்கு உதவுவதும், குர்ஆன் ஓதக் கற்றுத் தருவதும் பயன்பாட்டில் இருக்கும்வரை நல்ல செலவுதான். பயன்படுகிறதா என்று கேட்கப்படாமலே கழிவதைத்தான் சொல்கிறேன். கொடுக்கல் வாங்கலைத் தவணை குறித்து எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது. குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் அது. பால் கணக்கை எழுதுகிற நோட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கி, சந்தாவின் பெயர், யார் சேர்ந்தது, எந்தக் கணக்கில், எவ்வளவு, அடுத்து என்றைக்கு என்று எழுதிவையுங்கள். ஆண்டுச் சந்தாவை மறக்காமல் எழுதுங்கள். மாதம் 299 போவதை என்றாவது கண் காணும், ஆண்டுக்கொரு முறை வருவது கண்ணில் படுவதேயில்லை. ரமளானில் ஜகாத்துக்குக் கணக்கெடுக்கும்போது இந்தப் பக்கத்தையும் திறந்தால் ஆண்டுக்கொரு சரிபார்ப்பும் ஆயிற்று.

சிறு பிள்ளைகள் கையாளும் கைப்பேசியில் பிளே ஸ்டோரின் 'செட்டிங்ஸ்' சென்று, வாங்கும்போதெல்லாம் கைரேகையோ கடவுச்சொல்லோ கேட்கும்படி அமைத்துவிடுங்கள். யு.பி.ஐ. எண்ணைப் பிள்ளை நீட்டும் திரையில் அழுத்தும் முன், அங்கே எழுதியிருப்பதை ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

அந்தச் சகோதரி பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு மறுநாள் மாலை நாத்தனார் வீட்டிற்குப் போனார். நானும் உடன் சென்றேன். 14ஆம் தேதிகளைக் காட்டி, "என்மீதுதான் தவறு வாப்பா, என்னை மன்னித்துவிடு" என்றார். பிள்ளை தலைகுனிந்து நின்றான். அவனுடைய தாயார் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அட்டையை மட்டும் அவன் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.