ஜன்னலோரத்தில் வேண்டாம் மீன்தொட்டி

பெங்களூர் ஃபிளாட்டுகளில் மீன்தொட்டி வாங்கியதும் பலருக்கு முதலில் கண்ணில் படும் இடம் ஜன்னலோரம். வெயில் பட்டு வண்ண மீன்கள் மின்னுவது அழகுதான். ஆனால் சில வாரங்களிலேயே தண்ணீர் பச்சையாகிவிடலாம். மீன் கழிவும் மிச்சத் தீனியும் உரமாக, வெயிலில் பாசி பெருகுவதே காரணம்.

கெடுவது அழகு மட்டுமல்ல. பகலில் ஆக்சிஜனை வெளியிடும் பாசி, இரவில் அதையே உறிஞ்சிக்கொள்கிறது. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. நீர் சூடேறினால் ஆக்சிஜன் கரைவதும் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தபோதும் ஆக்சிஜன் பற்றாக்குறையே காரணமாகச் சொல்லப்பட்டது.

வடக்கு ஜன்னலில் வெயில் வராது என்பது குளிர்நாடுகளுக்குத்தான் பொருந்தும். 13 டிகிரி அட்சரேகையில் உள்ள பெங்களூரில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மத்தி வரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே. கிழக்கு, மேற்கு ஜன்னல்களில் ஆண்டு முழுவதும் வெயில்தான்.

வெயில் எட்டாத உள்சுவரே சரியான இடம். தினமும் 8 மணி நேரம் விளக்கு எரிந்தால் போதும். ஏற்கெனவே ஜன்னலருகே வைத்தவர்கள் நிரம்பிய தொட்டியை நகர்த்தக் கூடாது; 100 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே 100 கிலோ. கனமான திரைச்சீலை போட்டு, பின்கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டிச் சமாளிக்கலாம். தீனியைக் குறைத்து, வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். காவிரிக் குழாய்நீரில் குளோரின் உண்டு. ஒருநாள் வாளியில் பிடித்து வைத்த பிறகே ஊற்றுவது நல்லது.