நெட் இல்லாத ஊருக்கும் பாடம் போகும்

2012 கோடையில் கான் அகாடமியில் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களில் ஜேமி அலெக்சாண்டரும் ஒருவர். சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர். கான் அகாடமி அப்போதே உலகறிந்த பெயர். 2004-ல் சல்மான் கான் உறவுக்காரப் பெண் ஒருத்திக்குத் தொலைவிலிருந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியது, யூட்யூப் வழியாக வளர்ந்து பெரிய இலவசப் பள்ளிக்கூடமே ஆகிவிட்டிருந்தது. ஆனால் அன்று உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு இணையமே எட்டவில்லை. அவர்களுக்கு இந்தப் பாடங்கள் எப்படிப் போய்ச்சேரும்? இந்தக் கேள்வியோடு ஊர் திரும்பிய ஜேமி, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அந்த டிசம்பரிலேயே ‘கேஏ லைட்’ என்ற மென்பொருளை வெளியிட்டார். பாடங்களை ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் போதும். அதற்குப் பிறகு நெட் வேண்டாம்.

சில மாதங்களில் இதைச் செய்துமுடிக்க முடிந்ததற்குக் காரணம், பயிற்சிக் கணக்குகளை இயக்கும் நிரலைக் கான் அகாடமி திறந்த உரிமத்தில் வைத்திருந்ததுதான். வீடியோக்களையும் வணிக நோக்கம் இல்லாமல் யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம் என்று அனுமதித்திருந்தது. ‘இலவசம்’ என்று மட்டும் அறிவித்துவிட்டு, பாடங்களைத் தன் தளத்துக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தால் ஜேமியால் ஒன்றும் செய்திருக்க முடியாது. கட்டணம் வாங்காத தளத்துக்கும் கட்டற்ற தளத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நம் ஊரில் இன்னும் போதிய அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம்.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலச் சிறைகளில் கைதிகள் கேஏ லைட்டில் கணக்குப் படித்தார்கள். சிறைக்குள் இணையத்தை விடமாட்டார்கள் அல்லவா. அதே குழு ‘லேர்னிங் ஈக்வாலிட்டி’ என்ற லாப நோக்கமற்ற அமைப்பாகி, அடுத்து ‘கொலிப்ரி’யைக் கட்டியது. கென்யாவின் காகுமா அகதி முகாம் வரை அது போயிருக்கிறது.

கொலிப்ரி வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு பழைய லேப்டாப்போ உள்ளங்கையளவு ராஸ்பெரி பையோ சர்வர் ஆகிறது. பக்கத்தில் ஒரு வைஃபை ரௌட்டர். பிள்ளைகள் கையில் இருக்கும் போனிலோ டேப்லெட்டிலோ பிரவுசரைத் திறந்தால் பாடம் வந்துவிடும். புதிய பாடங்கள் வேண்டுமென்றால், யாராவது ஒருவர் நெட் உள்ள இடத்துக்குப் போய் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்தால் சரி. ஒரு தலைப்பில் தொடர்ந்து இத்தனை கணக்குகள் சரியாகப் போட்டால்தான் தேர்ச்சி என்று அளவு வைத்திருக்கிறார்கள். தடுமாறினால் குறிப்புகள் ஒவ்வொன்றாக வரும். யார் எந்த இடத்தில் நிற்கிறார்கள் என்பதை ஆசிரியர் தன் திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

இதைக் கட்டியவர்களுக்கு வந்த தலைவலி வேறு இடத்தில். ஒரு மாணவி பள்ளியில் ஒரு கருவியிலும் வீட்டில் இன்னொன்றிலும் படிக்கிறாள். இரண்டையும் இணைக்க நடுவில் நெட் இல்லை. பல நாள் கழித்து இரண்டு கருவிகளும் ஒரே அறையில் சந்திக்கும்போது, அவள் போட்ட கணக்குகளில் ஒன்றுகூடத் தொலையாமல் ஒன்றுசேர வேண்டும். எல்லாம் தன் சர்வரில் இருக்கும் என்ற நினைப்பில் எழுதிய நிரலுக்கு இது வராது. இதற்கென்றே ஒரு தனி நிரல் தொகுப்பை எழுதி, அதையும் பொதுவில் வைத்துவிட்டார்கள். நெட் இல்லாதவர்களை மனதில் வைத்து முதல் வரியிலிருந்தே கட்டியதால் வந்த பலன் இது.

எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் நண்பர்களோடு நானும் போய் உட்காருவதுண்டு. அங்கே அதிகம் ஓடுவது ‘ஃபெட்’. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அறிவியல் விளையாட்டுச் சோதனைகள். பலவற்றைத் தன்னார்வலர்கள் தமிழிலும் தந்திருக்கிறார்கள். ஒவ்வொரு சோதனையும் ஒரே ஒரு கோப்பு. பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய் எந்தக் கணினியிலும் திறக்கலாம்.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மின்சுற்றுச் சோதனையைத் திறந்தாள். பேட்டரியை இழுத்து வைத்தாள். வயரை எடுத்து பேட்டரியின் இரண்டு முனைகளையும் நேராகச் சேர்த்தாள். திரையில் பேட்டரி தீப்பிடித்து எரிந்தது.

“சார், எரியுது!”

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துப் பையன், “நடுவுல பல்பை வை, அக்கா” என்றான். அவள் வயரின் முனையைத் தொட்டாள், கத்தரிக்கோல் படம் வந்தது, வெட்டினாள். பல்பைச் செருகினாள். தீ போய் வெளிச்சம் வந்தது. அடுத்து இன்னொரு பேட்டரி, இன்னொரு பல்பு, பிறகு வேண்டுமென்றே மறுபடியும் தீ. ஷார்ட் சர்க்யூட் என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்கவில்லை. வகுப்பில் நிஜ பேட்டரியோடு இத்தனை தடவை விளையாட யார் விடுவார்கள்?

அந்தப் பையன் பக்கத்தில் இருந்ததும் முக்கியம். 1999-ல் தில்லி கல்காஜியில் சுவரில் கணினியைப் பதித்துக் குடிசைப் பகுதிப் பிள்ளைகளிடம் விட்ட சுகதா மித்ரா, பிறகு சுனாமி தாக்கிய கடலோர ஊரான காளிக்குப்பத்தில் ஒரு சோதனை செய்தார். தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகளுக்கு, டிஎன்ஏ தன்னைத்தானே படியெடுக்கும் பாடத்தை ஆங்கிலத்தில் கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இரண்டரை மாதம் கழித்து வந்து பார்த்தால் மதிப்பெண் 30 சதவீதத்தை எட்டியிருந்தது. அதன்பின் பாடமே தெரியாத ஓர் இளம்பெண்ணைக் கூடவே இருக்கச் சொன்னார். அவர் செய்ததெல்லாம் ஒரு பாட்டியைப் போல, “அடேங்கப்பா, இதை எப்படிக் கண்டுபிடிச்சே?” என்கிற மாதிரி வியந்து வியந்து கேட்டதுதான். மதிப்பெண் 50 சதவீதத்துக்குப் போனது. சிறிய ஆய்வுதான், கேள்வி எழுப்பியவர்களும் உண்டு. ஆனாலும் பெரிய ஆன்லைன் படிப்புகளில் சேருபவர்களில் பெரும்பாலோர் பாதியிலேயே நின்றுவிடுவதைப் பார்க்கும்போது, அந்த இளம்பெண்ணின் இடத்தை எந்தத் தளமும் காலியாக விடக்கூடாது என்றே நினைக்கிறேன். கொலிப்ரியில் ஆசிரியருக்கென்று ஒரு திரை வைத்ததை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான்.

தமிழில் இப்படி ஒரு தளம் கட்டப்போகிறேன் என்று ஆர்வத்தோடு வரும் இளைஞர்களை அடிக்கடி சந்திக்கிறேன். புதிதாகக் கட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். லாகின் பக்கமும் வீடியோ பிளேயரும் எழுதுவதிலேயே அவர்கள் உழைப்பு தீர்ந்துவிடுகிறது. பாடம் எழுதும் கட்டம் வருவதற்குள் ஆளும் காசும் இல்லை. கொலிப்ரியின் நிரல் கிட்ஹப்பில் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். 2012-ல் தொடங்கிய கணியம் இதழ் மென்பொருள் பாடங்களை எளிய தமிழில் பகிரும் உரிமையோடு வெளியிட்டுவருகிறது. பிள்ளைகளுக்கான இலவசக் கதைத் தளமான ஸ்டோரிவீவரில் தமிழ்க் கதைகள் இருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவைக் கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். நமக்குக் குறைவது இவற்றை நம் பாடத்திட்டத்தின் வரிசையில் கோத்துத்தரும் கைகள்.

உரிமம் என்றதும் மிரள வேண்டியதில்லை, நமக்குப் பழக்கமான விஷயம்தான். பாரதியின் எழுத்துகளின் உரிமையை 1949-ல் அரசு வாங்கி, பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. அதனால்தான் எந்தப் பதிப்பகத்தாலும் அவர் கவிதைகளை மலிவு விலையில் அச்சிட முடிகிறது, எந்தப் பள்ளியாலும் மேடையேற்ற முடிகிறது. பாடங்களை எழுதுகிறவர்களும் வீடியோ எடுக்கிற ஆசிரியர்களும் முதல் நாளே, யாரும் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை அவற்றின்மேல் எழுதிவிட்டால் போதும். எழுதாமல் விட்டால், பிறகு ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து அனுமதி கேட்பது நடக்கிற காரியம் இல்லை.

எட்டாம் வகுப்பு மின்னியலை மட்டும் எடுத்துக்கொண்டு தொடங்கலாம். ஃபெட்டின் மின்சுற்றுச் சோதனை, ஆசிரியர் ஒருவர் போனில் எடுத்த ஐந்து நிமிட விளக்கம், இருபது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று குறிப்புகள். அறிவியல் ஆசிரியர்கள் இரண்டு பேரும் கொலிப்ரியில் ஏற்றத் தெரிந்த ஒரு கல்லூரி மாணவரும் கிடைத்தால் இந்தக் கோடை விடுமுறைக்குள் முடித்துவிடலாம். கேள்விகளின் முதல் வரைவை எங்கள் நூலகக் குழு எழுதத் தொடங்கிவிட்டது.