அப்பாவிடம் சொன்னாயா தம்பி?

"அக்கா, அப்பா போனஸ் காசுல வாங்கித் தந்த கம்ப்யூட்டர். கேம் லேக் ஆகுது, ஓவர்கிளாக் பண்ணலாமா?" என்று கேட்டான் பாடாங் செராய்த் தம்பி ஒருவன்.

ஆசை பழசுதான். 1998-இல் வந்த 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ சிப்பை 450-இல் ஓட்டியவர்கள் உண்டு. பக்கத்துக் கூலிமில் இன்டெல் ஆலையே இருக்கிறதே!

இன்டெல் சிப்பின் பெயரில் 'கே' இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். இல்லையாம். அப்படியானால் பிராசசரை விட்டுவிடலாம். கிராஃபிக்ஸ் கார்டின் வேகத்தை மட்டும் கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் விளையாடிப் பார்க்க வேண்டும். திரையில் புள்ளி தெரிந்தால் உடனே குறைக்க வேண்டும். வோல்டேஜ் பக்கமே போகக்கூடாது. தகரக் கூரை வீட்டு மதிய வெக்கைக்கு, விசிறித் தூசியைத் தட்டுவதே பாதி வைத்தியம்.

"வாரண்டி போகலாம். அப்பாவிடம் சொன்னாயா?"

போனில் சத்தமே இல்லை.