வண்டிப்பாதையும் இருபத்தெட்டு இன்ச் சக்கரமும்

பிரான்சின் பாரிஸ்–தூர் சைக்கிள் பந்தயம் 1896-இல் தொடங்கியது. சமதளம், நேர்சாலை, முடிவில் ஒரே பாய்ச்சல் என்று வேகக்காரர்களின் பந்தயமாகவே பெயரெடுத்தது. 2018-இல் அமைப்பாளர்கள் அதன் ஒரு பகுதியைத் தார்ச்சாலையிலிருந்து இறக்கி, லுவார் ஆற்றுப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் மண்பாதைகளில் விட்டார்கள். டயர் பஞ்சரான வீரர்களுக்கு எரிச்சல், பார்த்தவர்களுக்குக் கொண்டாட்டம். பந்தயக்காரர்கள் இருக்கட்டும். விடுமுறையில் வருகிறவர்கள்கூட இப்போது அகன்ற டயர் மாட்டிய கிராவல் சைக்கிளோடு போர்தோ, புர்கோன் பக்கத்துத் தோட்டங்களிலும் ஓக் காடுகளிலும் தார் படாத வழியாகத் தேடிப் போகிறார்கள்.

தார் போடக் காசில்லாமல் அந்தப் பாதைகள் அப்படிக் கிடக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சு அரசு துண்டு துண்டான நிலங்களை ஒன்றுசேர்த்தது. டிராக்டர் ஓட வசதியாக வேலிப் புதர்களும் சிறு பாதைகளும் ஏராளமாக அழிந்தன. மிச்சமிருப்பவற்றில் பல ஊர்ப்பாதைகள் சட்டப்படி அந்தந்தக் கிராம நிர்வாகத்தின் சொத்து. ஆனால் எல்லாரும் நடக்கலாம், ஓட்டலாம். இத்தாலியின் தஸ்கனியில் 1997-இல் ‘எரோய்க்கா’ என்ற பழைய சைக்கிள்களின் ஓட்டம் ஆரம்பித்ததே, அங்குள்ள வெள்ளை மண்சாலைகள் தாருக்குள் போய்விடக் கூடாது என்றுதான். மண்பாதையை அங்கே மண்பாதையாகவே வைத்திருக்க ஆட்கள் இருக்கிறார்கள். உல்லாசத்துக்காக என்று நாம் சிரிக்கலாம். சிரித்துவிட்டு, நம் பாதைகளுக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும்.

தூத்துக்குடிக் கரையில் ஓர் ஊரைப் பார்ப்போம். வைப்பாறு மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து, சாத்தூரையும் விளாத்திகுளத்தையும் தொட்டுக்கொண்டு, ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடந்து, மன்னார் வளைகுடாவில் சேரும் இடத்தை ஒட்டியது கீழவைப்பார். பக்கத்திலே சிப்பிகுளம். வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர், மணப்பாடு என்று முத்துக்குளித்துறையின் ஏழு ஊர்களைச் சொல்வார்கள். இந்த ஏழையும் ஒன்றோடொன்று கட்டியது பெரும்பாலும் கடல்தான். தரைவழி என்றால் நடை. 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரையில் ஊர் ஊராக நடந்தே போனார். 1658-இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்த டச்சுக்காரர்களின் கண்ணும் முத்தின் மேலும் துறைமுகத்தின் மேலும்தான்; வைப்பாற்றுக்குச் சாலை போடும் அவசரம் அவர்களுக்கு இருந்திருக்காது.

பாதைகள் வேறு திசையில் பிறந்தன. கரையில் விளைவது உப்பும் மீனும். ஒரு காலை நடைத் தொலைவில் கரிசல் தொடங்குகிறது: கம்பு, சோளம், மிளகாய், பருத்தி. கரைக்குத் தானியம் வேண்டும், கரிசலுக்கு உப்பு வேண்டும். சங்க காலத்து உப்பு வணிகரான உமணரின் வண்டிகளின் கணக்கும் இதுதான். ஆக, இங்கே பழைய தடங்கள் கடலிலிருந்து மேற்கே ஏறுகின்றன. இப்போதைய கிழக்குக் கடற்கரைச் சாலையோ தூத்துக்குடியிலிருந்து குளத்தூர், வைப்பாறு, வேம்பாறு என்று கரையோரமாக வடக்கே ஓடுகிறது. அது வெளியூருக்குப் போகிறவர்களின் சாலை. உள்ளூர் வாழ்க்கை அதை அடிக்கடி குறுக்கே கடக்கிறது. விபத்துச் செய்திகளைக் கூர்ந்து படிக்கிறவர்களுக்கு இது புரியும். 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்ததும் பருத்தி பெருமளவு அந்தப் பக்கம் போய்விட்டது. 1961-இல் தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு முடிந்தது. உப்பும் மீனும் மட்டும் பழைய தடத்தை விடவில்லை.

இந்தத் தடத்துக்குள்தான் சைக்கிள் வந்தது. 1949-இல் முருகப்பா குழுமமும் பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்து தள்ளியது. ஊரில் ‘பெரிய சைக்கிள்’ என்றால் அதுதான்: இருபத்தெட்டு இன்ச் சக்கரம், ஒன்றரை இன்ச் டயர், கம்பி பிரேக், பின்னால் கேரியர், தூக்கி நிறுத்த ஸ்டாண்டு. ஒன்றரை இன்ச் என்பது ஏறக்குறைய 38 மில்லிமீட்டர். லட்சம் ரூபாய்க்கு மேல் விலை போகிற இன்றைய கிராவல் சைக்கிள் பலவற்றின் டயர் அகலமும் 38, 40, 45 என்றுதான் இருக்கிறது. பெரிய சைக்கிளின் முன்குழாய் அதிகமாகச் சாய்ந்திருக்கும், இரண்டு சக்கரத்துக்கும் இடைவெளி கூடுதல். குண்டு குழியில் விழுந்தாலும் கை அதிராது. தார் பரவுவதற்கு முந்திய ஆங்கிலேயக் கிராமச் சாலைக்காக வரைந்த வடிவம் அது. அங்கே சாலை மாறியதும் அது அருங்காட்சியகத்துக்குப் போனது. இங்கே சாலை மாறவில்லை, சைக்கிளும் மாறவில்லை. குறை உண்டு: இருபது கிலோ எடை. கம்பி பிரேக்கை நம்பி யாரும் வேகமாக இறங்குவதில்லை. நல்ல வேளை, இந்தக் கரையில் இறக்கமே கிடையாது.

இறக்கத்துக்குப் பதில் காற்று. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது கரையிலிருந்து கரிசலுக்குப் போகிறவர் எதிர்காற்றில் மிதிக்க வேண்டும், அதுவும் கேரியரில் மீன் சுமையோடு. பிழிந்தால் பாங் பாங் என்று கத்தும் ரப்பர் ஹாரன் கேட்டதும் கரிசல் ஊர்களில் பூனைகள்தாம் முதலில் வாசலுக்கு வரும். ஐப்பசி மழையில் கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரத்தை நிறுத்திவிடும். குச்சியால் நோண்டிப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் வண்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார்கள். ஐரோப்பாவில் இப்படிச் சைக்கிளைத் தோளில் தூக்கிச் சேற்றில் ஓடுவதற்கு ஒரு தனிப் பந்தயமே இருக்கிறது, கோப்பையும் தருகிறார்கள்.

உப்பளத்தில் கதை வேறு. வெயிலுக்கு முன் உப்பு வாரி முடிக்க வேண்டும் என்பதால் விடியலுக்கு வெகு முன்னரே வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. பாத்திகளுக்கு நடுவே உள்ள வரப்பு ஒரு சைக்கிள் அகலம்தான். சறுக்கினால் உப்புத் தண்ணீர். மண்ணெண்ணெயில் துடைத்து, பழைய ஆயில் தடவி வைத்தாலும் உப்புக் காற்று ரிம்மையும் ஸ்போக்ஸையும் தின்றுவிடும். உப்பளத் தொழிலாளரில் பெண்கள் பெருமளவில் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காலத்துச் சைக்கிள் பாதையில் பெண்ணைக் காண்பது அபூர்வம். அவள் நடந்தாள், அல்லது கேரியரில் உட்கார்ந்தாள்.

இதை உடைத்தது இந்தக் கரையன்று, புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் அங்கே எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தின் மையத்துக்கே கொண்டுவந்தார். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிகளும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள்; பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதால் உலகத்துக்கும் தெரிந்தது. 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பிறகு அரசுப் பள்ளிப் பதினோராம் வகுப்பு முழுவதுக்கும் விரிந்தது. தமிழ்நாட்டில் தார் படாத பாதையில் சைக்கிள் ஓட்டிய பெருங்கூட்டம் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால், தலைக்கவசம் போட்ட விடுமுறைக்காரர்களைச் சொல்ல முடியாது. தாவணியையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளிக்கு மிதித்த இந்தப் பெண்களைத்தான் சொல்ல வேண்டும்.

1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது. மீன்காரர் சைக்கிளை விட்டார். அவரைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை? எதிர்காற்றில் மிதித்த முழங்காலுக்குத்தான் அதன் அருமை தெரியும். தார்ச்சாலையும் அப்படியே. பிரசவ வலியில் துடிப்பவளை ஆம்புலன்ஸ் எட்ட வேண்டுமானால் தார் வேண்டும், பாலம் வேண்டும். வண்டிப்பாதையின் அழகுக்காகச் சாலை வேண்டாம் என்று எழுதுகிறவன் அந்த ஊரில் குடியிருப்பவனாக இருக்க மாட்டான்.

ஆனால் ஒன்று வந்ததும் மற்றது செத்துப்போக வேண்டியதில்லை. வண்டிமாடு போனதும் தடத்தில் ஆள் நடமாட்டம் குறைந்தது. குறைந்த இடத்தில் சீமைக் கருவேலம் முளைத்தது. அதன் முள் எந்த டியூபையும் விடாது. நடப்பவரும் விலகிப் போகப் போக, தடம் காடாகிறது. காடான தடத்தைப் பக்கத்து நிலக்காரர் வேலிக்குள் இழுத்துக்கொள்வது பல ஊர்களில் நடப்பது. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தென்மாவட்டங்களில் சீமைக் கருவேலத்தை அகற்றச் சொன்னபோது பேச்செல்லாம் குளத்தையும் கண்மாயையும் பற்றியே இருந்தது. பாதையைப் பற்றி யாரும் பேசவில்லை. காற்றாலையும் சூரிய மின் பண்ணையும் தூத்துக்குடி மாவட்டத்தில் பெருகுகிற இந்த நாளில், பெரிய பரப்புகளுக்குக் கம்பி வேலி போடும்போது நடுவே ஓடிய தடம் முதலில் மறைகிறது. ஆடு மேய்ப்பவர் சுற்றிப் போகிறார், உப்பளத்துக்குப் போகிறவள் நெடுஞ்சாலையில் லாரிகளோடு போகிறாள்.

பிரெஞ்சுக்காரர் கையிலிருப்பது போன்ற சட்டம் நம்மிடமும் இருக்கிறது. கிராமத்தின் அ-பதிவேட்டில் ‘வண்டிப்பாதை’ என்ற புறம்போக்குக்குத் தனிப் புல எண் உண்டு. புல வரைபடத்தில் அதன் அகலமும் வளைவும் கோடு கோடாக இருக்கின்றன. ஆக்கிரமிப்பை அகற்ற 1905-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சிமென்ட் கொட்ட வேண்டாம். முள்ளை வெட்டி, பள்ளத்தில் சரளை நிரப்பி, தண்ணீர் ஓடும் இடத்தில் ஒரு குழாய் பதித்தால் போதும், ஊராட்சியின் கைக்கு எட்டாத வேலை இல்லை. ஆண்டுதோறும் கோடையில் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடக்கிறது, கிராமக் கணக்குகளை மேசையில் பரப்பி வைக்கிறார்கள். பட்டா மாற்றத்துக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் அங்கே மனுக்கள் குவியும். கீழவைப்பார்க்காரர் ஒருவர் தம் ஊர் வண்டிப்பாதைகளின் புல எண்களை எழுதி, அவை தரையில் எந்த நிலையில் இருக்கின்றன என்று அளந்து சொல்லுமாறு அங்கே ஒரு மனு கொடுக்கலாம்.